கடைசியில் குதிக்க வேண்டியவர்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் உயிர் துறந்தனர். அவர்களில் பெரும்பாலோருடைய அந்திம நேரத்துக்குச் சாட்சி கிடையாது. லெஸ்லி மான்சரின் கடைசி நிமிஷங்கள் சரித்திரத்தில் நிலைத்திருப்பதோ, அவரால் பிழைத்தவர்கள் தாயகம் திரும்பி வந்து அவற்றை எடுத்துச் சொன்னதனாலேயே.

1922 மே 11 அன்று புதுதில்லியில், தபால் தந்தி இலாகா என்ஜினீயர் ஒருவரின் மகனாகப் பிறந்து, டார்ஜிலிங்கை அடுத்த கர்சியாங்கிலும் பின்னர் இங்கிலாந்திலும் கல்வி பயின்ற அவரைத் தரைப்படையும் கடற்படையும் ஏற்க மறுத்துவிட, 1940-ல் விமானப்படை ஏற்றுக்கொண்டது. மறுவருஷமே அவர் 50-ஆம் அணியில் விமானியாகச் சேர்ந்தார்.

அவருக்கு வாய்த்த வாகனமோ மான்செஸ்டர் என்னும் இரட்டை என்ஜின் விமானம். அதன் வல்ச்சர் என்ஜின்கள் அளவு மீறிச் சூடேறுவதற்கும் எதிர்பாராமல் தீப்பற்றுவதற்கும் பேர்போனவை. அவற்றை நீக்கி நான்கு மெர்லின் என்ஜின்களைப் பொருத்திய பிறகே அந்த வடிவம் லங்காஸ்டர் என்ற பெயரில் கீர்த்தி பெற்றது.

1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரத்தின்மீது ஆயிரம் விமானங்களை ஒருசேர ஏவ வேண்டுமென்று குண்டுவீச்சுப் படையின் தளபதி ஹாரிஸ் சங்கல்பித்தார். அந்த எண்ணை எட்டுவதற்காகப் பயிற்சிப் பள்ளிகளின் விமானங்களும் திரட்டப்பட்டு, 1,047 விமானங்கள் கிளம்பின. எரிகுண்டுகளைச் சுமந்த மான்சரின் விமானத்தால் 7,000 அடிக்கு மேல் எழும்ப இயலவில்லை. திரும்பிவிடுவதற்கு அது போதிய காரணமாயிருந்தும், பீரங்கிகள் உயரே செல்லும் பெருங்கூட்டத்தைத்தான் குறிவைக்கும் என்று கணித்து அவர் முன்னேறினார். கணிப்பு பொய்த்தது, நகருக்கு மேலே விமானம் குண்டடிபட்டது, பின்புறத் துப்பாக்கி வீரர் காயமுற்றார், இடது என்ஜினில் தீ மூண்டது.

தீ ஒருவாறு தணிந்ததும், துப்பாக்கிகள் முதலாக எறியக்கூடிய யாவற்றையும் எறிந்து பாரத்தைக் குறைத்து, ஒற்றை என்ஜினின் பலத்தில் பெல்ஜியம் வரை வந்தார்கள். வேகம் குறையக் குறைய அத்தகைய விமானம் செத்த என்ஜின் பக்கமாகச் சாய்ந்து கவிழ முற்படும். சுக்கானை ஒருவர் பலங்கொண்ட மட்டும் பிடித்திருந்தால் மட்டுமே மற்றவர் வாசலை அடைந்து குதிக்க முடியும். சகா ஒருவர் நீட்டிய பாராசூட்டை மறுத்து, "சீக்கிரம் போ" என்று சைகை காட்டிய மான்சர், ஆறு பேரும் வெளியேறும் வரை விமானத்தை நேராகப் பிடித்திருந்து, பிரே என்ற ஊரின் அருகே அதனுடன் வீழ்ந்து மாண்டார். வயது 20.

குதித்தவர்களில் ஒருவர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். எஞ்சிய ஐவரும் பெல்ஜிய ஜனங்களிடம் அடைக்கலம் பெற்று, காமெட் என்னும் ரகசியத் தப்பும் பாதை வழியாகப் பிரான்ஸையும் ஸ்பெயினையும் கடந்து மீண்டு வந்து சாட்சியம் அளித்தனர். அந்த ஆண்டு அக்டோபரில் மான்சருக்கு விக்டோரியா சிலுவை விருது அறிவிக்கப்பட்டது.

அன்றிரவு கொலோனில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பல்லாயிரம் பேர் வீடிழந்தனர் என்பதையும் மறைத்தால் இச்சரித்திரம் நேர்மையற்றதாகிவிடும். ஆயிரம் என்ற எண்ணின்மேல் கொண்ட மோகமே அந்த ஊனமுற்ற விமானத்தையும் ஜெர்மனிக்கு அனுப்பியது. அந்த மோகத்துக்கு மான்சர் பொறுப்பாளியல்லர். அவர் பொறுப்பில் இருந்தவை ஆறு உயிர்கள். அந்தப் பொறுப்பைத் தம் பிராணனைக் கொடுத்து அவர் நிறைவேற்றினார்.