ரங்கப்பிள்ளை காலத்து வருஷப் பிறப்பு

சென்ற மார்கழியில் புதுச்சேரி நண்பர் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் 'விவிக்கம்' கேக்! ரவையும் ரம்மில் ஊறிய உலர்பழங்களும் சேர்த்து, அவ்வூர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் பண்டம். தீபாவளிக்கு நாம் அனுப்பிய அதிரசத்துக்குப் பதில் மரியாதை என்று என் மனைவி சொன்னாள்.

எனக்கோ ஆனந்தரங்கப் பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. பிற்பாடு டூப்ளேயின் துபாஷியான அவர் 1736 முதல் எழுதிய தினப்படிச் சேதிக் குறிப்பிலே பண்டிகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பரிசு மேல்நோக்கித்தான் போகும். ஜனவரி முதல் தேதி கவர்னரைக் கண்டு மரியாதை செய்தாக வேண்டும். அண்டை வீட்டுக்குத் தட்டு போனதா என்று யார் எழுதி வைத்தார்கள்?

1761 ஜனவரி முதல் தேதியை நினைத்துப் பாருங்கள். ஊரைச் சுற்றி ஆங்கிலேயரின் முற்றுகை, உள்ளே பட்டினி. அன்று அடித்த புயலில் அவர்களுடைய கப்பல்கள் சில மூழ்கின. பிழைத்தோம் என்று ஜனங்கள் மூச்சு விட்டிருப்பார்கள். 12-ஆம் தேதி பிள்ளை காலமானார். 16-ஆம் தேதி ஊர் சரணடைந்தது. பிறகு கோட்டையையும் இடித்துத் தள்ளினார்கள்.

மூழ்கிய கப்பல்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த வருஷப் பிறப்பன்று எந்த வீட்டு அடுப்பிலாவது ஏதாவது வெந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கேக்கின் பக்குவத்தை நண்பரின் மனைவியிடம் கேட்டேன். மாமியாரைக் கேட்கச் சொன்னார். மாமியார் சிரித்தாரே தவிர, சொல்லவில்லை.