குறைமாத இரட்டையரின் முதல் மாதம்: நவீன மருத்துவம் கடந்து வந்த வழி

இரட்டைக் கரு சுமக்கும் தாய்மார்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 37 வாரம் நிறையும் முன்பே பிரசவமாகிவிடுகிறது. அக்குழந்தைகளுக்கு முதல் மாதத்தில் நேரும் இடர்கள் பல: உடல் குளிர்ந்துபோதல், மூச்சுத்திணறல், பால் குடிக்க இயலாமை, மஞ்சள் காமாலை, தொற்று, குடல் அழற்சி, விழித்திரைக் கோளாறு. மருத்துவம் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே அறிந்தது. ஓர் ஆபத்திலிருந்து குழந்தை தப்பிய பிறகே அடுத்தது கண்ணில் பட்டது. சில வேளைகளில் முதலாவதற்குச் செய்த சிகிச்சையே அடுத்ததை உண்டாக்கியது.

முதலில் பிடிபட்டது குளிர். பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டார். அதைச் செய்த ஓதில் மார்தேனைக் கொண்டே குழந்தைகளுக்கும் ஒன்று (இன்குபேட்டர்) செய்வித்து, 1880இல் தம் மருத்துவமனையில் வைத்தார். வெந்நீர்ச் சூட்டில் இயங்கிய அதில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தலாம். 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாக இறங்கியது.

குளிருக்குத் தப்பிய குழந்தைக்கு அடுத்த சிக்கல் பால். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் ஒன்றோடொன்று இணங்கி வருகின்றன. அதற்கு முன் பிறந்த குழந்தைகளுக்குத் தார்னியே குழாய் வழியே பால் புகட்டினார். அவருடைய மாணவர் பியேர் புதேன், 1900இல் வெளியிட்ட நூலில், உடற்சூடு, பாலூட்டல், நோய்கள் என மூன்று சிக்கல்களைப் பிரித்துக் காட்டினார். தாயை அப்புறப்படுத்தினால் பிள்ளை மீதான பற்றே குறைந்துபோகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். அடுத்த அரை நூற்றாண்டில் மருத்துவமனைகள் இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் மறந்துவிட்டன. தொற்றுக்கு அஞ்சித் தாய்மாரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தின.

மிகப் பெரிய இழப்பு ஆக்சிஜனால் வந்தது. 1940களில் இன்குபேட்டருக்குள் அதைத் தாராளமாகச் செலுத்துவது நல்ல சிகிச்சையாகக் கருதப்பட்டது. 1942இல் பாஸ்டன் நகரின் தியோடர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளிடம் ஒரு புதுவகைப் பார்வையிழப்பை விவரித்தார். காரணம் தெரியவில்லை. வசதி குறைந்த இடங்களைவிட, கருவிகள் நிறைந்த மருத்துவமனைகளில்தான் அது மிகுதியாக இருந்தது. 1951இல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்பெல், ஆக்சிஜன் மீது ஐயத்தை எழுப்பினார். 1953இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து தொடங்கிய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்ததாக மதிப்பிடப்படுகிறது. பிறகு ஆக்சிஜனை அளவுமீறிக் குறைத்ததால் மூச்சுத்திணறலில் இறப்புகள் கூடின. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி, சோதித்துப் பாராமல் செய்த சிகிச்சைக்கு இதைவிடக் கசப்பான சான்று குழந்தை மருத்துவத்தில் அரிது.

திணறலின் காரணத்தை 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் விளக்கினர்: நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் முதிராத நுரையீரலில் போதிய அளவு இல்லை. ஆனால் காரணம் தெரிந்தும் கைவசம் மருந்தில்லை. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாத மகன் 39 மணி நேரமே உயிர் வாழ்ந்தான். 1972இல் ஆக்லாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்வதை நிறுவினர். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா சர்ஃபாக்டன்ட்டையே குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பலன் கண்டார். இரட்டையரில் இரண்டாவதாகப் பிறப்பதற்கே இந்தத் திணறல் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

மஞ்சள் காமாலைக்கு வழி காட்டியவர் ஒரு செவிலியர். இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். 1956இல் ஒரு குழந்தையின் உடல் முழுதும் வெளிறியிருக்க, துணியின் மூலை மறைத்திருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை மருத்துவர்களுக்குக் காட்டினார். 1958இல் ஒளிச்சிகிச்சை குறித்த கட்டுரை வெளிவந்தது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்த இரட்டையரில், ஒருவரின் ரத்தம் மற்றவருக்குப் பாய்ந்திருந்தால், கூடுதல் ரத்தம் பெற்ற குழந்தைக்குக் காமாலை கடுமையாகலாம்; மற்றதற்கு ரத்தசோகை வரலாம். அதனால் இருவரையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும்.

தாயைப் பிள்ளையிடம் திரும்ப அழைத்து வந்தது பற்றாக்குறை. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் ஒரே இன்குபேட்டரில் பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவியது. 1978–79இல் எட்கர் ரேயும் ஹெக்டர் மார்த்தினெஸும் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டும் கங்காரு முறையைத் தொடங்கினர். இரட்டையர் இருவரையும் ஒரே மார்பில் சாய்க்கலாம். ஒன்றைத் தந்தையும் தாங்கலாம். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாள் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது.

ஆக்சிஜன் அளந்து தரப்படும் இன்றும், அன்று பார்வையைப் பறித்த விழித்திரைக் கோளாறு ஒழிந்துவிடவில்லை. இந்திய வழிகாட்டுதல்படி, 2,000 கிராமுக்குக் குறைந்த அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு முதல் கண் பரிசோதனை 30 நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே. வீடு திரும்பிய மகிழ்ச்சியில் பெற்றோர் இந்த நாளைத் தவறவிடலாகாது.