இந்திய பனிச்சறுக்குப் பந்தய அணி தேர்வாவது எப்படி? புள்ளிகள், ஒதுக்கீடு, செலவு – ஒரு விளக்கம்

புது தில்லி: மல்யுத்தம், குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளில் தகுதிச்சுற்றில் வெல்பவர் நாட்டின் அணியில் இடம்பெறுவது வழக்கம். பனிச்சறுக்குப் பந்தயத்தில் நிலைமை வேறு. தேசிய அளவில் தங்கப் பதக்கம் வென்ற வீரர்கூட, சர்வதேசப் பந்தயங்களில் குறிப்பிட்ட புள்ளி வரம்பை எட்டவில்லையெனில் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலாது. அப்புள்ளிகளில் பெரும்பகுதியை வெளிநாட்டுச் சரிவுகளில்தான் ஈட்ட முடியும். எனவே, அணிக்கு யார் தேர்வாகிறார் என்ற கேள்வி, அப்பந்தயங்களுக்குச் செல்லும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியுடன் பிணைந்துள்ளது.

இந்தத் தேர்வு முறை குறித்த விவரங்கள் வருமாறு:

மூன்று அமைப்புகள், மூன்று பொறுப்புகள்

பனிச்சறுக்கு அணித் தேர்வில் மூன்று அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. முதலாவது, ஸ்விட்சர்லாந்தின் ஓபர்ஹோஃபெனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச பனிச்சறுக்கு மற்றும் ஸ்னோபோர்டு கூட்டமைப்பு (எஃப்.ஐ.எஸ்.). பந்தய விதிகளையும் தகுதிப் புள்ளிகளையும் இவ்வமைப்பே வகுக்கிறது.

இரண்டாவது, அந்தந்த நாட்டின் தேசிய சங்கம். இந்தியாவில் எஃப்.ஐ.எஸ். உறுப்பினராக உள்ள அமைப்பு 'ஸ்கீ அண்ட் ஸ்னோபோர்டு இந்தியா' ஆகும். முன்னர் இப்பொறுப்பு இந்திய குளிர்கால விளையாட்டுக் கூட்டமைப்பிடம் இருந்தது. வீரர்களை எஃப்.ஐ.எஸ். பட்டியலில் பதிவு செய்வதும், வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு அவர்களின் பெயரை அனுப்புவதும் தேசிய சங்கத்தின் பணிகள். வீரர் ஒருவர் தன் சொந்தச் செலவில் ஐரோப்பாவுக்குச் சென்றாலும், தேசிய சங்கம் பெயரை அனுப்பாவிட்டால் எஃப்.ஐ.எஸ். பந்தயத்தில் களமிறங்க முடியாது.

மூன்றாவது, இந்திய ஒலிம்பிக் சங்கம். நாட்டுக்குக் கிடைத்த ஒலிம்பிக் இடத்துக்கு உரிய வீரரின் பெயரை ஒலிம்பிக் அமைப்புக் குழுவிடம் முறைப்படி அளிக்கும் அதிகாரம் இச்சங்கத்துக்கு மட்டுமே உண்டு.

வயது வரம்பும் உள்ளது. பந்தயப் பருவம் தொடங்கும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 16 வயது நிறைவடைந்தவர்களே எஃப்.ஐ.எஸ். பந்தயங்களில் பங்கேற்கலாம்.

புள்ளிகள் கணக்கிடப்படும் முறை

ஆல்பைன் பனிச்சறுக்கில் டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜெயன்ட் ஸ்லாலோம், ஸ்லாலோம் ஆகியவை முக்கியப் பிரிவுகள். முதல் இரண்டும் வேகத்தைச் சார்ந்தவை. பின்னிரண்டும் சரிவில் நடப்பட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து செல்லும் நுட்பத்தைச் சார்ந்தவை; இவற்றில் இரு சுற்றுகளின் நேரமும் கூட்டப்படும். இந்தியாவின் ஆல்பைன் வீரர்கள் அண்மைக்கால ஒலிம்பிக் போட்டிகளில் இந்த நுட்பப் பிரிவுகளிலேயே பங்கேற்றுள்ளனர்.

பெரும்பாலான விளையாட்டுகளில் புள்ளி கூடினால் சிறப்பு. பனிச்சறுக்கில் புள்ளி குறைந்தால்தான் சிறப்பு. உலகின் முன்னணி வீரர்களின் புள்ளி பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்.

ஒரு பந்தயத்தில் வீரர் பெறும் புள்ளிக்கு இரு பகுதிகள் உண்டு. முதல் பகுதி, வெற்றி பெற்றவரைவிட அவர் எவ்வளவு பின்தங்கினார் என்பதைக் காட்டுகிறது. வீரரின் நேரத்தை வெற்றியாளரின் நேரத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, அப்பிரிவுக்கென நிர்ணயிக்கப்பட்ட எண்ணால் பெருக்க வேண்டும். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான தகுதிக் காலத்தில் இந்த எண் ஸ்லாலோமுக்கு 730, ஜெயன்ட் ஸ்லாலோமுக்கு 1010 என இருந்தது.

எடுத்துக்காட்டாக, ஜெயன்ட் ஸ்லாலோமில் வெற்றியாளர் இரு சுற்றுகளையும் சேர்த்து 100 விநாடிகளில் கடக்க, மற்றொருவர் 110 விநாடிகள் எடுத்துக்கொண்டால், பின்னவரின் பந்தயப் புள்ளி 101. இதே இடைவெளி ஸ்லாலோமில் ஏற்பட்டால் புள்ளி 73.

இரண்டாம் பகுதி, அப்பந்தயத்தின் தரத்தைக் குறிக்கும் கூடுதல் புள்ளி. களமிறங்கியவர்களும் முதல் பத்து இடங்களைப் பிடித்தவர்களும் ஏற்கெனவே பெற்றுள்ள புள்ளிகளைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. வலுவான வீரர்கள் பங்கேற்கும் பந்தயத்தில் இந்தக் கூடுதல் சிறியதாகவும், வலுக்குறைந்த பந்தயத்தில் பெரியதாகவும் இருக்கும். மேற்கண்ட ஜெயன்ட் ஸ்லாலோம் பந்தயத்தின் கூடுதல் புள்ளி 40 எனக் கொண்டால், அந்த வீரரின் மொத்தப் புள்ளி 141 ஆகும்.

இதனால்தான் உள்நாட்டு வெற்றி மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. குறைந்த புள்ளி உடையோர் எவரும் பங்கேற்காத பந்தயத்தில் முதலிடம் பெற்றாலும் கிடைக்கும் புள்ளி உயர்ந்தே இருக்கும். வலுவான வீரர்கள் நிறைந்த ஐரோப்பியப் பந்தயம் ஒன்றில் இருபதாவது இடம் பெறுபவர், அவரைவிடச் சிறந்த புள்ளியுடன் திரும்பக்கூடும்.

மேலும், ஒரு கம்பத்தைத் தவறவிட்டாலோ இடையில் விழுந்து விலகினாலோ அப்பந்தயத்தில் புள்ளியே கிடைக்காது. பயணம், தங்குமிடம், பயிற்சி என அதுவரை செய்த செலவு அனைத்தும் பலனற்றுப் போகும்.

புறப்படும் வரிசையும் புள்ளியைப் பொறுத்தே அமைகிறது. சிறந்த புள்ளி பெற்றவர்கள் முதலில் செல்வார்கள். பின்வரிசையில் செல்வோர், முன்சென்றவர்களின் தடங்களால் குழிவிழுந்த பனியில் இறங்க வேண்டியுள்ளது. ஆகவே, புதிதாகச் சர்வதேசப் பந்தயங்களுக்கு வருவோர் புள்ளியைக் குறைக்கப் பல பந்தயங்கள் தேவைப்படுகின்றன.

ஒலிம்பிக் ஒதுக்கீடு

ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் புள்ளி வரம்பு தனியே அறிவிக்கப்படுகிறது. 2018 பியோங்சாங் போட்டியில் நுட்பப் பிரிவுகளுக்கான வரம்பு 140 புள்ளிகளாக இருந்தது. 2022 பெய்ஜிங் போட்டியில் அது 160 ஆகத் தளர்த்தப்பட்டது. ஒரே பந்தயத்தில் கிடைத்த நல்ல முடிவு இதற்குப் போதாது. குறிப்பிட்ட பிரிவில் பெற்ற ஐந்து சிறந்த முடிவுகளின் சராசரியே கணக்கில் கொள்ளப்பட்டது.

பெய்ஜிங்கில் ஆல்பைன் பனிச்சறுக்குக்கு மொத்தம் 306 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆடவருக்கு 153, மகளிருக்கு 153. ஒரு நாடு அதிகபட்சம் 22 பேரையும், ஒரு பிரிவில் நான்கு பேரையும் அனுப்பலாம். பனிச்சறுக்கில் வளர்ச்சி பெறாத நாடுகளுக்கு, வரம்பை எட்டும் வீரர் இருந்தால் ஆடவரில் ஓரிடமும் மகளிரில் ஓரிடமும் அடிப்படை ஒதுக்கீடாக அளிக்கப்பட்டன.

அந்த இடம் நாட்டுக்கு உரியது, வீரருக்கு உரியதன்று. வரம்பை எட்டியவர் ஒருவர் மட்டும் எனில் சிக்கல் எழாது. இருவர் எட்டினால் எவரை அனுப்புவது என்பதைத் தேசிய அமைப்பே முடிவு செய்ய வேண்டும். குறைந்த சராசரி உடையவரையா, கடைசி மாதங்களில் சிறந்து விளங்கியவரையா, நேரடித் தகுதிச்சுற்றில் வென்றவரையா என்பது முன்கூட்டியே எழுத்து வடிவில் அறிவிக்கப்பட்டிருந்தால்தான், வீரர்கள் தங்கள் பந்தயங்களை அதற்கேற்பத் திட்டமிட முடியும்.

ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து போன்ற நாடுகளில் சிக்கல் வேறு வகையானது. அங்கு உலகத் தரம் வாய்ந்தோர் ஒரு பிரிவுக்கு நால்வருக்கும் மேற்பட்டு உள்ளனர். உலகக் கோப்பைப் பந்தயங்களில் முன்வரிசை இடங்களைப் பிடித்தவர்கூட ஒலிம்பிக் அணியில் இடமின்றி வீட்டில் அமர நேரிடுவது உண்டு.

உள்நாட்டுத் தளங்கள்

இந்தியாவில் பனிச்சறுக்கு வீரர்கள் பெரும்பாலும் ஜம்மு-காஷ்மீரின் குல்மார்க், ஹிமாசல பிரதேசத்தின் மணாலி, உத்தரகண்டின் ஆலி, லடாக் ஆகிய பகுதிகளிலிருந்து வருகின்றனர். ராணுவத்தினரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் கணிசமாக உள்ளனர். குல்மார்க்கில் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமும், ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியும் பயிற்சி அளிக்கின்றன.

கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் 2020-ஆம் ஆண்டு லே, குல்மார்க் ஆகிய இடங்களில் தொடங்கப்பட்டன. திறமையாளர்களை அடையாளம் காண இப்போட்டிகள் உதவுகின்றன. எனினும், இயற்கைப் பனியை நம்பியிருப்பது பெரும் தடையாக உள்ளது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடைபெறவிருந்த போட்டிகள் போதிய பனிப்பொழிவு இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் நடத்தப்பட்டன. ஒலிம்பிக் தகுதிக் காலம் ஜனவரியில் நிறைவடைவதால், இத்தகைய தாமதம் ஒலிம்பிக் ஆண்டில் நேரிட்டால் உள்நாட்டுப் பந்தயங்களால் பயன் இராது.

துபாய் வழியாக பெய்ஜிங்

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே பிரதிநிதியாகப் பங்கேற்ற ஆரிஃப் கானின் பயணம் இம்முறையைத் தெளிவாகக் காட்டுகிறது. காஷ்மீரைச் சேர்ந்த அவர், நிதிப் பற்றாக்குறையால் 2018 ஒலிம்பிக் வாய்ப்பை இழந்ததாகக் கூறியிருந்தார். அடுத்த முயற்சியில், 2021 நவம்பரில் துபாயில் உள்ளரங்கப் பனிச்சரிவில் நடைபெற்ற பந்தயங்களின் மூலம் ஸ்லாலோம் பிரிவுக்குத் தகுதி பெற்றார். அடுத்த மாதம் மான்டினீக்ரோவில் ஜெயன்ட் ஸ்லாலோமுக்கான தகுதியும் கிட்டியது. ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரு பிரிவுகளுக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவரே.

தகுதி உறுதியான பிறகே, ஒலிம்பிக் பதக்க மேடைத் திட்டத்தின்கீழ் ஐரோப்பியப் பயிற்சிக்காகவும் உபகரணங்களுக்காகவும் சுமார் ரூ.17.46 லட்சத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. பெய்ஜிங்கில் ஜெயன்ட் ஸ்லாலோம் பிரிவில் இரு சுற்றுகளையும் 2 நிமிடம் 47.24 விநாடிகளில் நிறைவு செய்த அவர் 45-ஆவது இடம் பெற்றார். தங்கம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 9.35 விநாடிகள். ஸ்லாலோமில் ஆரிஃப் கான் பந்தயத்தை நிறைவு செய்யவில்லை.

பதக்கமும் தகுதியும் வெவ்வேறு என்பதற்கு மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் சான்று. 2018 ஜனவரியில் துருக்கியின் எர்ஸுரும் நகரில் நடைபெற்ற எஃப்.ஐ.எஸ். பந்தயத்தில் ஸ்லாலோமில் வெண்கலம் வென்ற அவர், பனிச்சறுக்கில் சர்வதேசப் பதக்கம் வென்ற முதல் இந்தியரானார். ஆயினும், அடுத்த மாதம் நடைபெற்ற பியோங்சாங் ஒலிம்பிக்கில் பங்கேற்ற இந்திய அணியில் அவர் இடம்பெறவில்லை.

கடந்து வந்த பாதை

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலில் பங்கேற்றது 1964-இல் இன்ஸ்ப்ரூக்கில். போலந்தில் பிறந்த ஜெரமி புஜாகோவ்ஸ்கி ஒருவரே அப்போது இந்தியாவைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் ஸ்லாலோமில் 28-ஆவது இடம் பெற்று, குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பைப் பெற்றார். 2006 டூரினில் நேஹா அஹுஜா, ஹீரா லால் ஆகியோரும், 2010 வான்கூவரில் ஜாம்யாங் நம்கியாலும், 2014 சோச்சியில் ஹிமான்ஷு தாக்கூரும் ஆல்பைன் பிரிவில் பங்கேற்றனர்.

நிர்வாகச் சிக்கல் வீரர்களை எவ்வாறு பாதிக்கும் என்பதற்கு சோச்சி போட்டி எடுத்துக்காட்டானது. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்ததால், தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின்கீழ் அணிவகுத்தனர். போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது, 2014 பிப்ரவரி 11-ஆம் தேதி இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

தகராறு எழுந்தால்?

தேர்வில் தனக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதும் வீரர் இதுவரை உயர்நீதிமன்றங்களையே நாட வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுத் தகராறுகளை விசாரிக்க தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் அமைக்க வகை செய்கிறது. அதன் முடிவுகளை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பனிச்சறுக்கைப் பொறுத்தவரை, காலமே முதன்மையான காரணி. ஒலிம்பிக் தகுதிப் பட்டியல் ஜனவரி நடுவில் முடிவாகிறது. போட்டிகள் பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கிவிடுகின்றன. இடைப்பட்ட சில வாரங்களில் வழக்கு தொடுத்துத் தீர்வு பெறுவது எளிதன்று. ஆகையால், அணித் தேர்வுக்கான விதிகள், ஒதுக்கப்படும் நிதி, வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு அனுப்பப்படுவோரின் பெயர்ப் பட்டியல் ஆகியவை பருவம் தொடங்குமுன்பே வெளியிடப்படுகின்றனவா என்பதே வீரர்களும் பெற்றோரும் முதலில் கவனிக்க வேண்டியது. தகுதிப் புள்ளியைத் தீர்மானிக்கும் சராசரிக்கு ஐந்து நல்ல முடிவுகள் வேண்டும் எனில், அவற்றை ஈட்டுவதற்கான பயணங்கள் ஒலிம்பிக்குக்கு ஓராண்டு முன்பேனும் தொடங்கியாக வேண்டும்.