சேலத்துக்காரர்களும் புது நாடகமும்

"இப்பல்லாம் யாருங்க நாடகம் எழுதறாங்க?" என் வயதுக்காரர்களிடம் நாடகப் பேச்சை எடுத்தால் உடனே வருகிற கேள்வி இது. சங்கரதாஸ் சுவாமிகளோடு ஒரு காலம் முடிந்தது, எம்.ஆர். ராதாவோடும் சிவாஜியோடும் இன்னொரு காலம் முடிந்தது, அதற்கப்புறம் வந்ததெல்லாம் நமக்குப் புரியாத சரக்கு என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போனால் ஒரு புது நாடகத்தைப் பார்ப்போம். பாதியில் எழுந்து வந்து, "என்னமோ கத்தறாங்க, ஒன்னும் வெளங்கல" என்போம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்குப் புது நாடகம் புதிதல்ல. இன்றைக்கு நாம் பழைய நாடகம் என்று கொண்டாடுகிற பலவும் நம் அப்பன், தாத்தன் காலத்தில் மை காயாத புது நாடகங்கள்தான். அதில் ஒன்றிரண்டு நம் ஊர்க்காரர் எழுதியவை, நம் ஊரில் முதல்முதலாக மேடை ஏறியவை. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் நமக்குப் பழக்கமான முறையைப் பார்ப்போம். மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டினால் கூத்து உண்டு. விடிய விடிய அபிமன்னன் சண்டை, பதினெட்டாம் போர், மதுரைவீரன், ஆரவல்லி சூரவல்லி. மழை பொய்த்த வருசம் என்றால் விராட பருவம். பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் கதை தெரியும். அபிமன்னன் சாவான் என்று ஆறு வயதுப் பையனுக்கும் தெரியும். அதனால் 'அப்புறம் என்ன ஆகும்' என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னைக்குத் துரியோதனன் வேசம் கட்டினவனுக்குத் தொண்டை எப்படி, அடவு சுத்தமா, கோமாளி யாரைக் கிண்டல் செய்தான் என்றுதான் பார்ப்போம். எடை போடுவதில் நம் கூத்து ரசிகனை யாரும் ஏமாற்ற முடியாது.

ஸ்பெஷல் நாடகங்களும் இப்படித்தான். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எத்தனை தரம் பார்த்தாலும் அதே கதை. தர்க்கத்தில் இன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்பதுதான் பேச்சு. ஆனால் அந்தச் சங்கரதாஸ் சுவாமிகளே (1867–1922) தம் காலத்தில் புது நாடகாசிரியர்தானே! பாலர் கம்பெனியில் சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தமான செய்தி. மறுநாள் காலையில் அந்த நாடகத்தைவிடப் புது நாடகம் தமிழ்நாட்டில் வேறெது இருந்திருக்கும்?

இனி நம் ஊருக்கு வருவோம். ஆட்டையாம்பட்டி என்றால் நம்மவர்களுக்குக் கைமுறுக்குதான் நினைவுக்கு வரும். எனக்கு எஸ்.டி. சுந்தரமும் நினைவுக்கு வருவார். அந்த ஊரில் 1921இல் பிறந்தவர். திருவையாற்றில் தமிழ் படித்தவர், 1942 போராட்டத்தில் சிறை போனவர். அவர் எழுதிய 'கவியின் கனவு' 1940களின் நடுவில் மேடை ஏறியது. சக்தி நாடக சபாவில் எஸ்.வி. சுப்பையாவும் எம்.என். நம்பியாரும் நடித்தார்கள். புராணமும் இல்லை, இதிகாசமும் இல்லை. கொடுங்கோலனை எதிர்த்து நிற்கிற ஒரு கவிஞனின் கதை. நாடு விடுதலைக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தக் கொடுங்கோலன் யார் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் தடவைக்கு மேல் நடந்த நாடகம் அது. நாகப்பட்டினத்தில் நடந்தபோது ஜனங்கள் வந்துபோக ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கதை தெரியாத நாடகத்துக்கு ரயிலேறிப் போயிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பத்தாண்டே அப்படிப்பட்டது. 1944 பிப்ரவரியில் பக்கத்தில் ஈரோட்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று நாடகக் கலை மாநாடு கூட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சேலத்தில்தான் திராவிடர் கழகம் பிறந்தது. அரசியல் பேசியவர்கள் நாடகத்தையும் கையில் எடுத்தார்கள். அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம் நாடகமாக ஓடிப் பிறகுதான் படமாயின. கலைஞரின் 'மந்திரி குமாரி'யும் முதலில் நாடகமே. அதை நம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் படமாக்கியது. ஏற்காடு ரோட்டில் அந்த வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம், ஒரு புது நாடகம் இந்த வாசலுக்குள் நுழைந்து படச்சுருளாக வெளியே வந்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

புது நாடகம் என்றால் வம்பும் உண்டு. திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர். ராதாவுக்குப் பேர் வாங்கித் தந்தது. அவர் நடத்திய 'ராமாயணம்' தடைகளை வாங்கித் தந்தது. 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னை மாகாணத்தில் தனிச் சட்டமே வந்தது. வள்ளி திருமணத்துக்குச் சட்டம் போட வேண்டிய அவசியம் எந்த சர்க்காருக்கும் வராது. அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று தெரியாத நாடகத்துக்குத்தான் சர்க்கார் பயப்படும். ஜனங்களும் அதற்காகத்தான் போனார்கள்.

1957 ஆகஸ்ட் 28ஆம் தேதியைச் சேலத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றத்தார் முதல்முதலாக அரங்கேற்றியது நம் சேலத்தில். பி.ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்து 1959இல் வெளியிட்டார். அதன் வசனத்தை நம் தலைமுறை முழுக்க மனப்பாடம் செய்து பள்ளி ஆண்டு விழாக்களில் முழங்கியது. எனக்கு 1957இல் பத்து வயது, என்னைக் கூட்டிப் போகவில்லை. பெரியப்பா பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். பிற்பாடு ஒரு விஷயம் உறைத்தது. எங்களைப் போல அடுத்த வரி என்னவென்று தெரிந்துகொண்டு அவர் அதைக் கேட்கவில்லை. வெள்ளைக்காரத் துரைக்குக் கட்டபொம்மன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று தெரியாமல் காத்திருந்து கேட்டார். அந்த ஒரு ராத்திரி சேலத்து ஜனங்களுக்குக் கிடைத்தது, பிறகு வசனத்தை ஒப்பித்த லட்சம் பேருக்குக் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் சினிமா எல்லாவற்றையும் விழுங்கியது. கம்பெனிகள் கலைந்தன. சென்னையில் சபா நாடகங்கள் நடந்தன. வங்கி வேலையில் மாற்றலாகி நான் சென்னையில் இருந்த காலத்தில் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' பார்த்தேன். 1980இல் வந்த நாடகம், அடுத்த வருசமே பாலசந்தர் படமாக்கினார். அத்திப்பட்டி என்கிற வறண்ட கிராமம். வெளியூரிலிருந்து வந்த வெள்ளைச்சாமி மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்கு ஊற்றுகிறான். ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டப் போனால் அதிகாரம் வந்து மறிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர்கள் வசனத்துக்குக் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. எங்கள் கிணற்றில் படி இறங்கி இறங்கி, கடைசியில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் துளை போட்டு, வெறும் புகையைப் பார்த்துவிட்டுக் கடனோடு நின்ற குடும்பம் எங்களுடையது. எழுதியவர் எங்கோ இருந்தார், கதை தெற்கத்திச் சீமைக்கதை. ஆனாலும் அது எங்கள் காட்டுக் கதையாகவே இருந்தது.

இதே காலத்தில் வேறொரு வகை நாடகமும் முளைத்தது. 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்று 70 நாள் நாடகப் பயிலரங்கு நடந்தது. அதே ஆண்டு சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அவர் புரிசையில் கண்ணப்ப தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, நம் நாடகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எழுதியவர். 'புரியாத நாடகம்' என்று நாம் ஒதுக்குகிற வகைக்கு ஆசான் நம் கூத்துதான் என்பது பலருக்குத் தெரியாது.

டில்லியில் பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' எழுதினார். நந்தனார் கதை தெரியாதவர் நம்மில் யார்? கோபாலகிருஷ்ண பாரதியார் புண்ணியத்தில் பஜனை மடத்தில் கேட்டே வளர்ந்தோம். தீயில் இறங்கினார், முனிவராக எழுந்தார், தில்லைக்குள் போனார். புது நாடகம் அதே தீயைக் காட்டி, உயிரோடு ஒருவன் நெருப்பில் இறங்கினால் என்ன ஆகும், அவனை இறங்க வைத்தவர்கள் யார், அதனால் யாருக்கு ஆதாயம் என்று கேட்கிறது. பக்தி உள்ளவர்களுக்கு அது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் எழுபது வருசம் கேட்ட கதையில் இந்தக் கேள்வியை நாம் ஒருவரும் கேட்கவில்லையே என்பது அதைவிட அதிகமாக உறுத்தியது.

நாடகம் சொந்த வீட்டுக்குள் நுழைவதையும் பார்த்திருக்கிறேன். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நம் சேலம் மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்கக் கெட்டது பெண் சிசுக்கொலையால். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு ஆரம்பித்ததே சேலத்தில்தான். 1965 வரை நம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரியில், 1990களின் பிற்பகுதியில் 'கலைப்பயணம்' என்று ஊர் ஊராகத் தெரு நாடகம் போட்டார்கள். மேடை கிடையாது, திரை கிடையாது. அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகளே நடித்தார்கள்.

அப்போது அக்கா ஊருக்கு அம்மாவோடு போயிருந்தேன். கோயில் முன்னால் ஆட்டம். நடுவில் ஒரு பெண் துணிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரையும் புருசனையும் மாறி மாறிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். கூட்டத்தில் சத்தமே இல்லை. சில கிழவிகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னார்: "எனக்கு அடுத்தாப்புல ஒன்னு பொறந்துச்சு கண்ணு. பொட்டப்புள்ள. மூணாம் நாளு இல்ல. எனக்கு அப்ப அஞ்சு வயசு இருக்கும். அதப்பத்தி எங்கம்மாகிட்ட ஒருத்தரும் கேக்கல. நானுங் கேக்கல." அம்மாவுக்கு அன்று எழுபது தாண்டியிருந்தது. ஐம்பது வருசமாக என்னோடு இருந்தவர், ஒரு தடவைகூட வாயெடுக்காத பேச்சு. எத்தனையோ கூத்து, எத்தனையோ சினிமா பார்த்தவர். அபிமன்னனுக்காக ஒவ்வொரு வருசமும் அழுதவர். அந்தத் தங்கச்சிக்காக அவர் பேசுவதற்கு, பெயர் தெரியாத யாரோ எழுதிய அரைமணி நேர நாடகம் வேண்டியிருந்தது.

அந்தக் கொடுமை பிற்பாடு குறைந்ததற்கு நாடகம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். கிராம நர்சு, மாதர் சங்கம், சட்டம், படிப்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் வாயைத் திறக்க வைத்ததில் நாடகத்துக்குப் பங்குண்டு. அதற்கு நானே சாட்சி.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு ஒன்றிரண்டு யோசனை. புது நாடகத்துக்குப் போனால் கதையைத் துரத்தாதீர்கள். முதல் கால்மணி நேரம் புரியாமல் இருக்கட்டும், கூத்திலும் கட்டியங்காரன் போன பிறகுதானே கதை தொடங்குகிறது? கூத்தில் எதைப் பார்ப்பீர்களோ அதையே இங்கும் பாருங்கள். நடிகனின் கால் எப்படி நிற்கிறது, குரல் எங்கே மாறுகிறது, ஒரு கழியை எத்தனை பொருளாகக் காட்டுகிறான் என்று பாருங்கள். நமக்கு இருக்கிற அந்தக் கண் பட்டணத்து விமர்சகருக்குக்கூடக் கிடையாது. கடைசியில் மங்களம் பாட மாட்டார்கள். நல்லவன் ஜெயித்தானா என்று சொல்லாமலே விளக்கை அணைப்பார்கள். அதைக் குறையாக எடுக்காமல், வீட்டுக்கு வரும் வழியில் கூட வந்தவரோடு அதையே பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் நாடகக்காரர்களிடம் நேரில் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள். ஐம்பது பேர் வந்தாலே அவர்களுக்குப் பெரிய கூட்டம்.

எழுதுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984 முதல் இயங்கி வருகிறது. அ. மங்கை பெண்களின் கதைகளை மேடை ஏற்றுகிறார், இன்குலாப்பின் 'ஔவை'யை நெறியாண்டவர் அவர்தான். முருகபூபதி கோவில்பட்டிப் பக்கமிருந்து மணல்மகுடி குழுவோடு புதிது புதிதாக நாடகம் செய்கிறார். நம் மாவட்டத்தில் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழும் களரி கூத்துப் பயிற்சிப் பட்டறையும் நடத்தி, நம் கூத்துக் கலைஞர்களுக்கு மேடையும் மரியாதையும் தேடித் தருகிறார்.

கல்லூரிச் சுவரிலோ டீக்கடைப் பலகையிலோ 'நாடகம், அனுமதி இலவசம்' என்று ஒட்டியிருந்தால் ஒரு மாலையை ஒதுக்குங்கள். மூட்டு வலிக்காரர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேரன் பேத்தியில் ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள். 1957இல் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனது போல அவர்களை விட்டுவிடாதீர்கள்.