கைபேசிப் பூட்டின் வரலாறு: கருவியும் எண்ணும்

கைபேசிப் பூட்டு அல்லது சிம் பூட்டு என்பது, ஒரு கைபேசி குறிப்பிட்ட ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்கும்படி மென்பொருள் வழியாகச் செய்யப்படும் கட்டுப்பாடு ஆகும். திரையைத் திறக்க நாம் இடும் கடவுச்சொல் வேறு, இது வேறு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எனப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் வாழும் ஊர்களில் இந்தப் பூட்டு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தெரியவரும். அமெரிக்காவிலிருந்து வந்த விலையுயர்ந்த கைபேசியில் இந்திய சிம்மைப் போட்டால், அந்த சிம் செல்லாது என்று திரையில் செய்தி வரும். கருவியில் பழுது ஏதும் இருக்காது.

இரு நாடுகளின் கைபேசிச் சந்தைகள் இருவேறு வழிகளில் வளர்ந்ததே இதற்குக் காரணம். அமெரிக்காவில் எண்ணுக்கு விடுதலை முதலில் கிடைத்தது, கருவி பூட்டப்பட்டிருந்தது. இந்தியாவில் கருவி பெரும்பாலும் திறந்தே இருந்தது, எண்தான் பூட்டப்பட்டிருந்தது.

சிம் அட்டையின் நோக்கம்

பழைய அனலாக் கைபேசிகளில் வாடிக்கையாளரின் எண் கருவிக்குள்ளேயே பதியப்பட்டிருந்தது. ஐரோப்பாவில் உருவான ஜி.எஸ்.எம். தொழில்நுட்பம் இதை மாற்றியது. அதன் முதல் வணிகச் சேவை 1991-ல் பின்லாந்தில் ரேடியோலின்யா நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. வாடிக்கையாளரின் அடையாளம் சிம் என்னும் சிறு அட்டைக்கு மாறியது. அட்டையைக் கழற்றி எந்தக் கருவியில் போட்டாலும் எண் உடன்வரும். கருவி ஒருவருடையது, சேவை வேறொருவருடையது என்ற பிரிவு இதில்தான் பிறந்தது.

ஆனால் அதே ஜி.எஸ்.எம். விதிகளில், கருவியை ஒரு நிறுவனத்தின் அட்டைக்கு மட்டும் கட்டிவைக்கும் வழியும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு சிம்மிலும் 15 இலக்கங்கள் வரையிலான அடையாள எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கும். இந்திய சிம்கள் 404 அல்லது 405 என்று தொடங்கும். அமெரிக்க சிம்களின் எண்கள் 310 முதல் தொடங்குகின்றன. பூட்டிய கைபேசி, உள்ளே வந்த சிம்மின் இந்த இலக்கங்களைத் தனக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அந்த சிம்மை ஏற்காது.

ஏன் பூட்டினார்கள்?

காரணம் கடன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேவை நிறுவனங்கள் கைபேசியை மிகக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கொடுத்தன. விலையின் மீதியை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தின் மாதக் கட்டணத்தில் சேர்த்து வாங்கிக்கொண்டன. இடையில் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நட்டம். அதைத் தடுக்கவே பூட்டு. அடகுக் கடைக்காரர் நகையைப் பெட்டியில் வைத்திருப்பதைப் போன்றது இது. இங்கே நகை நம் கையிலேயே இருக்கும், சாவி மட்டும் அவரிடம் இருக்கும். கடன் அடைந்த பிறகும் சாவியைத் தர மறுத்தால் என்ன செய்வது என்பதே பின்னால் எழுந்த சண்டை.

இந்தியாவில் நடந்தது

இந்தியாவில் கைபேசிச் சேவை 1995-ல் தொடங்கியது. சென்னைக்கான உரிமம் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகிய இரு நிறுவனங்களிடம் இருந்தது. சென்னை ஒரு வட்டம், தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் வேறொரு வட்டம். பூந்தமல்லியில் சென்னைச் சேவை பெற்றவர் பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர் வரை போனால், மாநிலத்தைத் தாண்டாமலே ரோமிங்கில் இருந்தார். 2003 ஏப்ரல் வரை, வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. சென்னை, தமிழ்நாடு வட்டங்கள் 2005-ல் ஒன்றாக்கப்பட்டன.

இங்கே நிறுவனங்கள் கருவியைக் கடனாகக் கொடுக்கவில்லை. வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் ப்ரீபெய்டு சிம் வாங்கினார்கள். ஒப்பந்தமே இல்லாதவரிடம் தவணை வசூலிக்க வழி இல்லை. ஆகவே கைபேசியை முழு விலை கொடுத்துக் கடையில் வாங்கினோம். முழு விலை கொடுத்த பொருளுக்குப் பூட்டு தேவைப்படவில்லை.

எண்ணின் நிலை வேறு. நிறுவனத்தை மாற்றினால் எண் போய்விடும். எண் மாறினால் சிறு வியாபாரிக்கு வாடிக்கையாளர்களின் தொடர்பே அறுந்துவிடும் என்பதால், சேவை பிடிக்காவிட்டாலும் பலர் பொறுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் உரிமை 2003 நவம்பரில் வந்தது. இந்தியாவில் அது 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. அப்போதும் அதே வட்டத்துக்குள் மட்டுமே மாற முடிந்தது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் அதே எண்ணை அந்த ஊர் வட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2015 ஜூலையில்தான் கிடைத்தது.

விதிவிலக்குகள்

கருவியும் கட்டப்பட்ட நிகழ்வுகள் இந்தியாவில் சில உண்டு. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2003-ல் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தது. அது சி.டி.எம்.ஏ. தொழில்நுட்பக் கருவி. அதில் கழற்றி மாற்ற சிம் அட்டையே இல்லை, எண் கருவிக்குள்ளேயே இருந்தது. எளிய மக்கள் கைக்குக் கைபேசி வந்ததில் இந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கருவியும் எண்ணும் ஒரே நிறுவனத்திடம் சிக்கியிருந்தன. 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடபோன் வழியாக இங்கு வந்த ஐபோன் 3ஜி-யும், 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கொடுக்கப்பட்ட ஜியோபோனும் அந்தந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டவை.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது நிறுவனங்கள் வீழ்ந்தபோது தெரிந்தது. 2016-ல் ரிலையன்ஸ் தன் சி.டி.எம்.ஏ. சேவையை விட்டு 4ஜி-க்கு மாறியபோது, ஜி.எஸ்.எம். சிம்மை ஏற்க முடியாத பழைய கருவிகள் பயனற்றுப் போயின. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சேவை முடங்கியபோது மக்கள் பெரிதும் அலைக்கழிந்தார்கள். ஆயினும் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு, அதே கைபேசியில் புது சிம் போட்டுத் தொடர முடிந்தது.

சாவிக்கான சட்டங்கள்

அமெரிக்காவில் 1998-ல் வந்த எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருள் பூட்டை உடைப்பதைத் தடை செய்தது. கைபேசிக்கு 2006-ல் விலக்கு கிடைத்தது. புதிய கைபேசிகளுக்கு அந்த விலக்கு 2013 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறப்பது குற்றமா என்று கேட்டு 1,14,000-க்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்டில் கைபேசியைத் திறக்கும் உரிமை சட்டமாயிற்று. கனடா 2017 டிசம்பர் முதல் புதிய கைபேசிகளைப் பூட்டாமல் விற்க வேண்டும் என்று விதித்தது. ஜப்பானில் 2021 அக்டோபரிலும் பிரிட்டனில் அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டி விற்பது நின்றது. அமெரிக்காவில் பூட்டி விற்பது இன்றும் தொடர்கிறது.

பூந்தமல்லிக்கு மேற்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2019 முதல் ஐபோன்கள் தயாராகின்றன. ஏற்றுமதியாகும் கருவி அங்கே தவணையில் விற்கப்பட்டுப் பூட்டோடு இங்கே திரும்பி வரவும் கூடும். ஐபோனைப் பொறுத்தவரை பூட்டு பற்றிய பதிவு ஆப்பிள் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அதனால்தான் கடைக்காரர் கருவியைப் பிரித்துப் பார்த்தும் அதை முறையாக நீக்க முடிவதில்லை.

எல்லை தாண்டும்போது

• ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்ற வரிசையில் சென்று 'கேரியர் லாக்' என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்றிருந்தால் பூட்டு இல்லை. மற்றக் கைபேசிகளில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

• பூட்டை நீக்கும் அதிகாரம் அதைப் போட்ட நிறுவனத்திடமே உள்ளது. தவணை முழுவதும் முடிந்திருக்க வேண்டும், சில நிறுவனங்கள் குறைந்தபட்சப் பயன்பாட்டுக் காலத்தையும் கேட்கும். அந்த நாட்டில் கணக்கு நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. *#06# அழுத்தினால் கிடைக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் அதற்குத் தேவைப்படும்.

• 2022-ல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் அட்டை போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டுமே. பூட்டு இ-சிம்முக்கும் பொருந்தும்.

• திறந்த கருவி என்றாலும் பாக்கித் தவணைக்காகவோ திருட்டுப் புகாருக்காகவோ தடை செய்யப்பட்டிருக்கலாம். பழைய கைபேசி வாங்குவோர் இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர் இங்கே முழு விலைக்கு வாங்கிய, பூட்டில்லாத கைபேசியை எடுத்துச் சென்றால், அங்குள்ள அலைவரிசைகளை அது ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும் கைபேசியை வாங்கும்போது, கடைசித் தவணை கட்டும் நாள் வரை அது முழுமையாகத் தம்முடையது அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.