மாதுளம்பூவும் கைப்பிடிக் குறுந்தூணும்: ஒரு சொல் வரலாறு

படிக்கட்டின் கைப்பிடியைத் தாங்கி வரிசையாக நிற்கும் குறுந்தூண்களை ஆங்கிலம் பலஸ்டர் என்றும் பேனிஸ்டர் என்றும் இரு சொற்களால் வழங்குகிறது. பிறப்பால் இவை ஒரே சொல்லின் இரு வடிவங்கள்; வழக்கால் இன்று முற்றும் ஒன்றல்ல. கதையில் ஒரு சிறுவன் பேனிஸ்டரில் சறுக்கி இறங்குகிறான் எனில், அவன் சறுக்குவது தூணில் அன்று, தூண்கள் தாங்கும் கைப்பிடி மரத்தில். அகராதியை மட்டும் நம்பித் 'தூண்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் சிறுவனை வேறோர் இடத்தில் ஏற்றிவிடுகிறார்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்தியல் நூல் இயற்றிய தியோஸ்கொரிதீஸ், காட்டு மாதுளையின் பூவைப் பலாவுஸ்தியோன் எனக் குறிக்கிறார். துவர்ப்புடைய அப்பூ மருந்தாகப் பயன்பட்டது. இலத்தீன் வழியே இத்தாலியத்திற்கு வந்த இச்சொல் அங்குக் கட்டடக் கலைஞரின் சொல்லாயிற்று. மாதுளம்பூ அடியில் பருத்து, இடையில் ஒடுங்கி, வாயில் விரிவது. தூணின் உருவும் அத்தகையதே. தமிழிலக்கண மரபில் கூறுவதாயின் இஃது உவமையாகுபெயர்.

பண்டைய கிரேக்க, உரோமானியக் கட்டடங்களில் இத்தகைய தூண்வரிசை காணப்படவில்லை. அது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் ஆக்கம். இதன் வரலாற்றை ஆராய்ந்த ருடால்ஃப் விட்கோவர், இதை முதலில் கண்டவர் இன்னார் என அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும் போஜ்ஜோ ஆ கயானோ என்னும் ஊரிலுள்ள மெதிச்சி மாளிகையில் ஜூலியானோ த சங்கல்லோ 1480ஐ ஒட்டித் தொடங்கி இதனைத் தொடர்ந்து கையாண்டதைச் சுட்டினார். ஒரு குடத்தின்மேல் மற்றொன்றைக் கவிழ்த்தாற்போன்ற இரட்டை வடிவம், ஒற்றைக் குட வடிவம் என இருவகை உருவாயின. பின்னதை மைக்கலாஞ்சலோ உரோமின் காம்பிதோலியோ படிகளில் கையாண்டார். பூவின் உவமை இவ்வொற்றை வடிவுக்கே செவ்வனே பொருந்தும்.

பிரெஞ்சு வழியாக 1600ஐ ஒட்டி ஆங்கிலம் புகுந்த சொல், அந்நூற்றாண்டிலேயே லகரம் னகரமாகத் திரிந்து பேனிஸ்டர் ஆயிற்று. பூவை அறியாத தச்சர் நாவில் ஒலியைக் காக்கும் பற்றுக்கோடு இல்லாது போனமையே இதற்கு இடந்தந்தது எனலாம். பின்னர்த் தூணின் பெயர் கைப்பிடி முழுமைக்கும் ஆயிற்று, இது சினையாகுபெயர். அறைகலனிலும் இத்திரிபுச் சொல் இடம்பெற்றது. இரு மரத்துண்டுகளை இடையே தாள் வைத்து ஒட்டி, கடைந்து, பின் பிளந்தால் ஒருபுறம் தட்டையான இரு அரைத்தூண்கள் கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேழைகளின் முகப்பில் இவை ஒட்டப்பட்டன. 1700ஐ ஒட்டி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் இவற்றை, தட்டைப்புறம் அமர்வோர் முதுகை நோக்க, நாற்காலிச் சாய்மானத்தில் நிறுத்தினர். அந்நாற்காலிக்குப் பேனிஸ்டர் முதுகு நாற்காலி என்றே பெயர். அங்குப் படியுமில்லை, கைப்பிடியுமில்லை.

இவ்வுருவம் இந்தியாவிற்கு வந்த வரலாறு இன்னும் சுவையானது. 1639 முதல் 1648 வரை எழுப்பப்பட்ட தில்லிச் செங்கோட்டையின் பொது அவை மண்டபத்தில், ஷாஜகானின் அரியணை மாடத்தைத் தாங்கும் சலவைக்கல் தூண்கள் இவ்வகையின. ஐரோப்பியச் செதுக்குப் படங்கள் வழியே இவ்வடிவம் முகலாயக் கலைக்கு வந்ததை எப்பா கோக் 1982இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். வடிவம் வந்தது, பெயர் வரவில்லை. அரசவை வரலாற்றாசிரியர்கள் பாரசீகத்தில் இதனைச் சர்வ் அந்தாம், அதாவது சைப்ரஸ் மரத்தின் மேனியது, என்றனர். இத்தாலியர்க்கு மாதுளம்பூவாகத் தோன்றியது, சைப்ரஸ் மரத்தைக் கவிதையில் ஓயாது பாடிய மரபினர்க்கு அம்மரமாகவே தோன்றிற்று. ஆங்கிலம் ஒலியைப் பெற்று உவமையை இழந்தது; பாரசீகம் ஒலியைப் பெறாமல் உவமையைப் புதிதாகப் படைத்துக்கொண்டது. இரண்டனுள் பின்னதே சிறந்த மொழிபெயர்ப்பு.

தமிழில் நிலை வேறு. மேசை, அலமாரி, சன்னல், சாவி என வீட்டுப்பொருட் சொற்களைப் போர்த்துக்கீசியத்திலிருந்து ஏற்ற தமிழ், 'கிராதே' என்பதையும் கிராதியாக ஏற்றது. கிராதி தடுப்பு முழுமையையும் குறிக்கும். தனித்தூணைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் இங்குக் கால்கொள்ளவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. தச்சரிடம் கடைசல் என்னும் சொல் இருந்தது. தயிர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினையால் வழங்குவது தற்செயலன்று. மத்தைப் போலவே பழைய கடைசல் மரமும் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றப்பட்டது. கட்டிற்காலுக்கும் தொட்டிற்காலுக்கும் கடைசல் பிடிப்பவர் தம் தொழிலின் பெயரையே பொருளுக்கும் இட்டார், இது தொழிலாகுபெயர்.

ஆகவே தமிழாக்கத்தில் தடுப்பு முழுமைக்குக் கிராதி என்பதும், மரத்தூணுக்குக் கடைசல் கால் என்பதும் போதும். சிறுவன் சறுக்குவது கைப்பிடியே. இடர் கல்லிலும் வார்ப்பிரும்பிலும் எழுகிறது. அவை கடையப்படாதபோது கடைசல் என்பது பொய்யாகும். அங்குக் குடக்குறுந்தூண் போன்றதொரு வடிவப்பெயர் வேண்டும். தில்லி அரியணை மாடத்தின் தூண்களைப் பற்றி எழுதுவோர் அதனையும் விடுத்து, பாரசீகப் பெயரைத் தந்து அருகே அதன் பொருளை எழுதுவதே தகும்.