பரிசோதனை எனும் சொல்: மருத்துவ ஆய்வுப் பணியாளர் பயிற்சியும் தமிழும்

முன்னுரை

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவர்களையும் அவர்தம் கண்டுபிடிப்புகளையும் முன்னிறுத்தியே எழுதி வந்துள்ளனர். மருந்தை அளந்து கொடுத்தவர், நோயாளியின் காய்ச்சலைக் குறித்து வைத்தவர், படிவத்தைப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கியவர் ஆகியோர் அவ்வரலாற்றின் ஓரங்களிலேயே நிற்கின்றனர். இன்று இத்தகைய பணியாளருக்கு வேண்டிய பயிற்சியில் கணிசமான பகுதி இணையவழியே நடைபெறுகிறது. இப்பயிற்சி எவ்வாறு உருவாயிற்று, எதனைக் கற்பிக்கிறது, எதனைக் கற்பிக்காமல் விடுகிறது என்பவற்றை மலாயாவின் அனுபவத்தோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளின்பால் நமது கவனம் திரும்பியதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். தோட்டப்புற முதியோரிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவதற்கு முன்னர், ஆய்வில் பங்கேற்போரைக் காப்பது குறித்த இணையவழிப் பாடம் ஒன்றை நாமும் முடிக்க வேண்டியிருந்தது. ஒரு பிற்பகலில் அதனை முடித்துச் சான்றிதழும் பெற்றோம். பாடம் நன்றாகவே அமைந்திருந்தது. ஆனால் மறுவாரம் ஒரு மூதாட்டியின் எதிரில் அமர்ந்து, ஆங்கிலத்தில் கற்றவற்றைத் தமிழில் சொல்ல முற்பட்டபோது முதல் வாக்கியத்திலேயே தடுமாறினோம். நாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே: "பேசுறதுக்குக் கையெழுத்து எதுக்கு ஐயா?" அத்தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

கோலாலம்பூரில் ஓர் அரிசி ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே அது மிகுதியாகவும், புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடையே அரிதாகவும் காணப்பட்டது. பிராடன் என்னும் அரசு மருத்துவர் இவ்வேறுபாட்டிற்கு அரிசியே காரணம் என வாதிட்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், பின்னர்த் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. அச்சத்து தயமின் எனப்படும் உயிர்ச்சத்து என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று.

இக்கருத்தைச் சோதிக்க வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையைத் தெரிவு செய்தார். 1905 டிசம்பர் 5ஆம் நாள் அங்கிருந்த நோயாளிகள் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணிடப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்குப் பகுதியில் தங்கி முன்போலவே சயாம் அரிசி உண்டனர். இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குப் பகுதியில் தங்கிப் புழுங்கல் அரிசி உண்டனர். ஏனைய உணவு இரு சாராருக்கும் ஒன்றே. 1906ஆம் ஆண்டு இறுதிவரை இது தொடர்ந்தது. சயாம் அரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டவர் இருவரே. அவ்விருவரும் நோயுடனேயே மருத்துவமனைக்கு வந்தவர்கள். 1907இல் லான்செட் இதழில் வெளிவந்த இவ்வாய்வு, ஒப்பீட்டுக் குழு அமைத்துச் செய்யப்பட்ட முன்னோடி மருத்துவ ஆய்வுகளுள் ஒன்றாக இன்று போற்றப்படுகிறது. அதே 1907இல் பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி இதே வினாவை ஆராயத் தொடங்கினர்.

இவ்வாய்வுகளால் பின்வந்தோர் பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும் வரிசையில் நின்று எண் பெற்ற அம்மனிதர்களிடம் எவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காலத்தில் கேட்கும் வழக்கமே இல்லை என்று இதனை ஒதுக்கிவிடவும் இயலாது. 1900இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த வால்டர் ரீட், தம் ஆய்வில் சேர்ந்த ஸ்பானியக் குடியேறிகளுக்கு அவர்தம் ஸ்பானிய மொழியிலேயே எழுதப்பட்ட ஒப்பந்தத்தை அளித்தார். நோய் வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து நேரலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருந்தது. 100 டாலர் பொற்காசு தருவதாகவும் அது கூறியது; ஏழைகள் அதனை மறுத்திருக்க முடியுமா என்னும் வினா எழுவது இயல்பே. ஆயினும் பங்கேற்பவரின் மொழியில் அவரிடம் பேசவேண்டும் என்ற எண்ணம் அங்கு இருந்தது. கோலாலம்பூரில் அதன் சுவடு காணப்படவில்லை.

டிரசர் கற்றதும் கல்லாததும்

ஓராண்டுக்கும் மேலாக இருவகை அரிசியைக் கலவாமல் சமைத்துப் பரிமாறி, யார்க்குக் கால் வீங்கிற்று, யார்க்கு நடை தளர்ந்தது எனக் கவனித்துவருதல் ஒரு மருத்துவர் தனியராய்ச் செய்யக்கூடிய பணியன்று. பெயர் தெரியாத பணியாளரின் உழைப்பும் அதனுள் அடங்கியிருந்திருக்க வேண்டும். இத்தகைய பணியாளருக்கு முறையான பயிற்சி தரும் முயற்சியும் அதே ஆண்டில் இவ்வட்டாரத்தில் தொடங்கிற்று. 1905இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட அரசு மருத்துவப் பள்ளியின் முதல் மாணவர் 23 பேரில் 7 பேர் மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்கெனச் சேர்க்கப்பட்டவராவர்.

தோட்டங்களில் இப்பணியை ஆற்றியவரை மக்கள் 'டிரசர்' என்றே அழைத்தனர். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அவருள் பலர். புண்ணைக் கட்டுதல், மருந்து கலத்தல், பதிவேடு எழுதுதல் ஆகியன அவர்தம் அன்றாடப் பணிகள். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்ற தொழிலாளருக்குக் கொயினா கொடுத்து, அதனை அவர்கள் விழுங்குவதை உறுதி செய்வதும் மலேரியா காலத்து நடைமுறையாயிற்று. டிரசர்களின் தகுதியை முறைப்படுத்தத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இலும், மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1977இலும் இயற்றப்பட்டன.

ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. டிரசரிடம் தொழிலாளியின் மொழி இருந்தது. வயிற்று வலியைத் தொழிலாளி எப்படிச் சொல்வார், பயத்தை எப்படி மறைப்பார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் 'இம்மருந்தை ஏற்க உமக்கு விருப்பமா?' எனக் கேட்பது அவருடைய பயிற்சியில் இடம்பெறவில்லை. கொடுக்கவும் பதியவுமே அவர் பழக்கப்பட்டார்.

சட்டத்திலிருந்து திரைக்கு

கேட்கும் கடமை அடுத்தடுத்து நேர்ந்த கொடுமைகளுக்குப் பின்னரே வலுப்பெற்றது. நாஜி மருத்துவர்களின் வழக்கில் 1947இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, மனிதரிடத்துச் செய்யும் ஆய்வுக்குப் பத்து நெறிகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது தன்விருப்ப ஒப்புதல். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. ஆயினும் அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆடவரின் மேகநோயைக் குணப்படுத்தாமலே கவனித்துவந்த ஆய்வு 1932 முதல் 1972 வரை நீடித்தது. பிரகடனம் இருந்தால் மட்டும் போதாது, களத்தில் பணிபுரிவோர் அனைவரும் அதனைக் கற்றிருக்கவேண்டும் என்பது அதனால் விளங்கிற்று.

1996இல் மருந்தாய்வுக்கான நன்னடைமுறை நெறிகள் பன்னாட்டளவில் வகுக்கப்பட்டன. மலேசியா தனக்கான நெறிகளை 1999இல் வெளியிட்டது. அதே 1999இல் அமெரிக்காவில் மரபணு மருத்துவ ஆய்வொன்றில் பங்கேற்ற 18 வயது இளைஞர் உயிரிழந்தது பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. ஆய்வில் பங்கேற்போர்க்குரிய பாதுகாப்பு போதுமானதா என்னும் கவலை பரவிய அச்சூழலில், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தம் நிதியைப் பெறும் ஆய்வாளர் அனைவரும் பங்கேற்போர் பாதுகாப்புக் குறித்துக் கற்றிருக்கவேண்டும் என 2000 அக்டோபரில் விதித்தன. பல்லாயிரம் பேருக்குக் குறுகிய காலத்தில் கற்பிக்க வகுப்பறை போதாது, இணையமே வழியாயிற்று. மயாமிப் பல்கலைக்கழகத்தில் சிட்டி எனப்படும் பாடத்திட்டம் 2000இல் தோன்றியது இச்சூழலில்தான். வளரும் நாடுகளின் ஆய்வுப் பணியாளருக்கு இலவசப் பாடங்கள் அளிக்கும் குளோபல் ஹெல்த் நெட்வொர்க் 2010இலும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓப்பன் டபிள்யூஎச்ஓ தளம் 2017இலும் தொடங்கின. 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், நேரில் நடந்துவந்த பயிற்சிகளும் திரைக்கு இடம்பெயர்ந்தன.

இதன் நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உட்பகுதி மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த தாதியும், முதியோர் இல்லப் பராமரிப்பாளரும் பயணச் செலவின்றிப் பயில முடிகிறது. ஒரு காலத்தில் மூத்த மருத்துவரின் தயவில் கிடைத்த அறிவு இன்று பலர்க்கும் எட்டுகிறது. எனினும் இத்தகைய பாடத்தின் இறுதியில் வருவது பெரும்பாலும் பல தெரிவு வினாக்களே. சரியான விடையைச் சுட்டியவர், நோயாளியிடம் சரியாகப் பேசவும் வல்லவர் என்பதற்கு அச்சான்றிதழ் சான்றாகாது.

பரிசோதனை எனும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மருத்துவமனையில் நடைபெறவிருந்த ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தின் தமிழாக்கத்தைப் பார்த்துத் தருமாறு நம்மை வேண்டினர். இலக்கணப் பிழை மிகுதியாக இல்லை. ஆனால் முதல் வரியிலேயே 'மருந்துப் பரிசோதனையில் பங்கேற்க அழைக்கிறோம்' என்றிருந்தது. நம் மக்கள் வழக்கில் பரிசோதனை என்பது யாது? இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஆண்டுக்கொருமுறை செய்யும் மருத்துவப் பரிசோதனை ஆகியவை. அவை யாவும் நோயாளியின் நன்மைக்காகச் செய்யப்படுபவை. பயன் தருமா என்று இன்னும் அறியப்படாத ஒன்றை மனிதரிடம் ஆராய்வதையும் அதே சொல்லால் குறிக்கும்போது, கேட்பவர் அதனைத் தமக்குரிய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. படிவம் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மை சென்று சேரவில்லை.

இவ்வாறே பங்கேற்போரை முன்முடிவின்றிப் பிரிக்கும் முறையைத் தமிழகத்தார் சமவாய்ப்பு என்றும் இலங்கையர் எழுமாற்று என்றும் வழங்குவர். இரண்டும் கற்றோர்க்கே விளங்கும். குலுக்கல் என்றாலோ பரிசு விழும் என்னும் எதிர்பார்ப்பு தோன்றிவிடுகிறது. மருந்துப்போலி என்னும் சொல் அழகியது. ஆனால் 'மருந்து இல்லாத மாத்திரை. உங்களுக்கு அதுவும் கிடைக்கலாம்' என்று விரித்துச் சொன்னாலன்றி அதன் பொருள் புலப்படாது. எழுத்தறியாதவர் பங்கேற்கும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்கவேண்டும் என 1996ஆம் ஆண்டு நெறிகள் கூறின. அச்சாட்சியும் 'பரிசோதனை' என்பதை இரத்தப் பரிசோதனையாகவே புரிந்துகொண்டால் அவ்விதியால் விளையும் பயன் என்ன?

மானிப்பாயின் முன்மாதிரி

பயிற்சிக்கு முன் சொல்லைத் தேடவேண்டும் என்பதை உணர்ந்து செயற்பட்ட ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் நகரத்தையும் அரசுப் பணியையும் நாடுவர், தமிழில் கற்றவரே கிராமத்தில் தங்குவர் என்பது அவர் கருத்து. தாமும் தம் மாணவருமாகச் சொற்றொகுதிகளைத் திரட்டி, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களை வெளியிட்டார். அங்காதிபாதம், இரணம் என வழக்கிலிருந்த சொற்களை எடுத்தாண்டதும், அவை கிட்டாதவிடத்துக் கெமிஸ்தம் எனப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் உருவில் ஏற்றதும் அவருடைய நடைமுறை அறிவைக் காட்டும். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் தமிழ்வழிக் கல்வி நீடிக்கவில்லை என்பது வேறு செய்தி.

கிறீனின் காலம் வேறு, நம் காலம் வேறு. இன்றைய ஆய்வுப் பணியாளர் அனைவரும் தமிழிலேயே பயிலவேண்டும் என்று நாம் கூறவில்லை. அது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் பயிற்சியின் ஒரு பகுதி, அதாவது நோயாளியிடம் பேசும் பகுதி, நோயாளியின் மொழியிலேயே அமைதல் வேண்டும்.

முடிவுரை

நூற்றாண்டுக்கு முந்திய டிரசரிடம் மொழி இருந்தது. கேட்கும் கடமை இல்லை. இன்றைய பணியாளருக்குக் கடமை விதிக்கப்பட்டுள்ளது. அதனை ஆற்றுதற்குரிய தமிழ் அவருக்குக் கற்பிக்கப்படுவதில்லை. தமிழ் பேசத் தெரிந்த இளம் தாதியும் 'ரிஸ்க்', 'ரேண்டம்' எனச் சொல்லிவிட்டு நகர்வது அவர் குற்றமன்று. அவருக்கு மாற்றுச் சொல்லை எவரும் தரவில்லை.

இக்குறையைக் களைவதில் இந்திய ஆய்வியல், தமிழியல் துறைகளுக்குப் பொறுப்புண்டு. முதலாவதாக, ஒப்புதல் உரையாடலுக்கு இன்றியமையாத ஓர் ஐம்பது சொற்களை மருத்துவப் புலத்தாருடன் கூடித் தெரிவு செய்து, அவற்றை அகராதிச் சொற்களாக அன்றிப் பேசும் வாக்கியங்களாக அமைக்கலாம். இரண்டாவதாக, அவ்வாக்கியங்களைத் தோட்டப்புற, அடுக்குமாடி முதியோரிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டுத் திருத்தலாம். மூன்றாவதாக, இணையவழிப் பாடத்தின் இறுதித் தேர்வில், தமிழில் ஒருவர்க்கு விளக்கிய உரையாடலின் ஒலிப்பதிவையும் சேர்க்குமாறு பயிற்சி நிறுவனங்களை வேண்டலாம். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

மேற்கூறிய படிவத்தில் நாம் செய்த திருத்தம் சிறியதே. 'மருந்துப் பரிசோதனை' என்பதை நீக்கிவிட்டு, 'இந்த மருந்து பலன் தருமா என்று இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே இந்த ஆய்வு. நீங்கள் சேராவிட்டாலும் உங்கள் வைத்தியம் வழக்கம்போல் நடக்கும்' என எழுதித் தந்தோம். மூன்று வாரங்கள் கழித்து அம்மருத்துவமனையின் தாதி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவ்வரிகளைப் படித்துக் காட்டியபோது ஒரு பெரியவர் சற்று யோசித்துவிட்டு, 'அப்படின்னா எனக்கு வேண்டாம் தாயி' என்று எழுந்து போனாராம். ஆய்வுக்கு ஓர் ஆள் குறைந்தது. அவர் புரிந்துகொண்டு மறுத்தார் என்பதே அப்படிவம் தன் பணியைச் செய்தது என்பதற்குச் சான்றாகும்.